ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டிக்கு வீட்டு மிட்டாய்: எதைச் செய்யலாம், எதைத் தொடவே வேண்டாம்

பிறந்தநாள் விழாவுக்கு வரும் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் டப்பாவும் சாவிக்கொத்தும் கொடுத்து அலுத்துப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளங்கை அகல அட்டைப் பெட்டி ஒன்று, அதற்குள் வீட்டில் செய்த மிட்டாய் இரண்டு வகை. இரண்டு போதும். நான்கு வகை வைத்தால் பெட்டி நிறைந்து தெரியும்தான், ஆனால் விழா அன்று உங்களால் நிற்க முடியாது.

எல்லோரும் ருசியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். முந்தின நாள் இரவு அடைக்கிறோம், மறுநாள் மாலை மண்டபத்தில் கொடுக்கிறோம், குழந்தை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நினைவு வந்தபோது திறக்கிறது. இரண்டு முழு நாள் மூடிக் கிடந்தும் கெடாத மிட்டாய் எது என்பதுதான் கேள்வி. பால்கோவா, தேங்காய் பர்பி, தேன் மிட்டாய் மூன்றும் இங்கேயே வெளியேறிவிடுகின்றன. முதல் இரண்டில் ஈரம் அதிகம், வெயில் காலத்தில் சீக்கிரம் வாடை வந்துவிடும். தேன் மிட்டாய் பெட்டியின் அடியை நனைத்துவிடும்.

1. யார் சாப்பிடப் போகிறார்கள்?

நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் கமர்கட்டு, கடலையை முழுதாகவோ உடைத்தோ போட்ட எதுவும் வேண்டாம். தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு மாலாடுதான் என் தேர்வு. பொட்டுக்கடலை மாவு, பொடித்த சர்க்கரை, உருக்கிய நெய், அவ்வளவே. வாயில் வைத்ததும் கரையும். தண்ணீரே சேராததால் ஒரு வாரம் கவலையில்லாமல் இருக்கும். கடலையும் எள்ளும் ஒவ்வாத குழந்தைகள் உண்டு என்பதால், அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் கூடும் வளைகாப்பு போன்ற விழா என்றால் இஞ்சி மரப்பா அருமையாகப் பொருந்தும். குழந்தைகள் காரத்துக்கு முகம் சுளிப்பார்கள்.

2. எந்த மாதம்?

சாக்லேட்டை அச்சில் ஊற்றிக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். மே மாதத்தில் மதுரையிலோ திருச்சியிலோ நிழலில் வைத்த பெட்டியே அதைத் தாண்டிவிடும். மார்கழி, தை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் வெல்லத்தின் பக்கம் வாருங்கள்.

கடலை மிட்டாய்க்கு நான் அதிக மதிப்பெண் போடுவது இதனால்தான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், காகிதத்தில் சுற்றி ஊர் ஊராகப் போய் விற்கிற பண்டம். பயணம் தாங்குகிற இனிப்பு பெட்டியையும் தாங்கும்.

3. யார் பக்கத்தில் யார்?

ஈரமான இனிப்பையும் முறுகலான இனிப்பையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் ஈரம் சும்மா இருக்காது, வறண்டதைத் தேடிப் போகும். தேங்காய் பர்பிக்குப் பக்கத்தில் வைத்த கடலை மிட்டாய் மறுநாள் பல்லில் ஒட்டும், பொரி உருண்டை நமுத்துப்போகும். ஆகவே வறண்டதோடு வறண்டது. கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் நல்ல ஜோடி. மாலாடும் இஞ்சி மரப்பாவும் இன்னொன்று. கமர்கட்டைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் முறுக்கினால் எதோடும் சேரும்.

4. பாகு

இங்கேதான் முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கடலை மிட்டாய்க்கு, தோல் நீக்கி இரண்டாக உடைத்த வறுத்த கடலை 200 கிராம், வெல்லம் 150 கிராம், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. கடையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்குங்கள். உப்புக் கரிக்கும் வெல்லத்தைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்துபோகும். பிறகு விரலுக்குள் மெத்தென்று உருளும். அடுத்து கெட்டியாக உருளும். கமர்கட்டுக்கு இந்த உருட்டுப் பதம் சரி, கடலை மிட்டாய்க்குப் போதாது. இன்னும் கொதித்து, தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும், இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் சடக்கென்று முறிய வேண்டும். கெட்டி உருட்டுப் பதத்தில் சர்க்கரைப் பாகுக்குள் எட்டு சதவீதம் அளவுக்குத் தண்ணீர் மிச்சம் இருக்கும். முறியும் பதத்தில் அது ஒரு சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெல்லமும் ஏறக்குறைய அப்படித்தான். கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுவதும் நொறுங்குவதும் அந்த மிச்சத் தண்ணீரைப் பொறுத்தது.

இந்த இரண்டு பதங்களுக்கும் இடையே சிறிது நேரம்தான். சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொட்டை உருட்டிப் பார்க்கும் நேரத்தில் வாணலியில் இருப்பது கருகிக் கசந்துவிடும்.

பாகு வெப்பமானி வாங்கலாமா? வாங்குங்கள். கமர்கட்டுக்கு 120 டிகிரிக்குச் சற்று மேலே, கடலை மிட்டாய்க்கு 145ஐ ஒட்டி. முனை வாணலியின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் அளவு கூட்டிக் காட்டும். எண் வந்துவிட்டாலும் தட்டில் போட்டு ஒருமுறை சத்தம் கேட்டுவிடுவேன். வாணலி அடி கனமானதாக இருக்கட்டும். கறுப்பு நிற நான்ஸ்டிக்கை நான் இதற்கு எடுப்பதேயில்லை, பாகின் நிறம் மாறுவது அதில் தெரியாது.

பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் கவிழ்த்து, நெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட வேண்டும். ஆறிய பிறகு போட்டால் துண்டு வராது, தூள்தான் வரும். சிறு துண்டாக வெட்டினால் நாற்பது வரை கிடைக்கும். பெட்டிக்கு மூன்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. அடைப்பது

முழுக்க ஆற வேண்டும். வெதுவெதுப்பாக அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் மிட்டாய் மேலேயே இறங்கும். மின்விசிறிக்கு அடியில் மழைநாளில் திறந்து வைக்கவும் வேண்டாம், வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆறியதும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட்டு, விழாவுக்கு முந்தின இரவு பெட்டிக்கு மாற்றுங்கள். சன்னல் வைத்த பெட்டிகள் அழகுதான், ஆனால் சிலவற்றில் அந்தக் கண்ணாடித் தாள் விளிம்பில் சரியாக ஒட்டியிருக்காது. எனக்குச் சாதாரண அட்டைப் பெட்டியும் உள்ளே பட்டர் பேப்பரும் போதும். மாலாடைக் காகிதக் கிண்ணத்தில் உட்கார வைக்காவிட்டால் பெட்டியில் மாவுதான் மிஞ்சும்.

பின்சேர்க்கை: மிட்டாய் மறுநாள் பிசுபிசுத்துவிட்டது என்று எழுதியவர்களில் பலர் கடலோர ஊர்க்காரர்கள். பாகு முறியும் பதத்துக்கு வந்திருந்தால், அடைக்கும்முன் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுற்றுவது மட்டுமே வழி. பதம் வராமல் இறக்கியிருந்தால் அதை மறுபடி உருக்க முயல வேண்டாம், கடலை கருகும். உருண்டையாகப் பிடித்து வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்று: வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று கேட்டிருந்தார்கள். போடலாம், மணம் தூக்கலாக இருக்கும். பாகு முதலிலிருந்தே கறுப்பாக இருப்பதால் நிறத்தை நம்ப முடியாது. சொட்டுச் சோதனையை இன்னும் அடிக்கடி செய்யுங்கள்.