கண் நிற்கும் இடம்: முப்பரிமாண மாயத் தோற்றங்களில் நடக்கும் தவறுகள்

சேலத்தில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனால், ஏதாவது ஓர் அறையில் தரையில் பெரிய பள்ளம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அல்லது தரையிலிருந்து ஒரு பெட்டி எழுந்து நிற்பது போல வண்ணம் தீட்டியிருப்பார்கள். நேரில் பார்த்தால் கோணல்மாணலான கிறுக்கலாகத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் மாணவர் உடனே கைபேசியை நீட்டுவார். “படத்தில் பாருங்கள் சார், அப்படியே பள்ளம் மாதிரி இருக்கும்.” படத்தில் நன்றாகத்தான் இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தவரின் திறமையில் குறை எதுவும் இல்லை. பார்ப்பவரின் கண் எங்கே நிற்கும், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று வரைவதற்கு முன் யாரும் முடிவு செய்யவில்லை. அதுதான் கோளாறு. இந்தக் கலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

பழைய ஓவியர்கள் இதில் கறாராக இருந்தார்கள். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் தீட்டிய ‘தூதர்கள்’ ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதன் அடியில் குறுக்கே நீண்டு கிடக்கும் வெளிறிய உருவம், ஓவியத்தின் ஓரத்துக்குப் போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் மண்டை ஓடாக மாறும். ரோம் நகரின் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தில் ஆண்ட்ரியா பொட்சோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியத்தாலேயே கூரையை உயர்த்திக் காட்டினார். அங்கே எங்கே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்குத் தரையிலேயே அடையாளம் பதித்திருக்கிறார்கள். நம் கண்காட்சிகளில் மிக எளிதாகச் செய்யக்கூடியதும், பெரும்பாலோர் செய்யாததும் இதுதான். இரண்டு பாதங்களின் வடிவத்தை வரைந்து “இங்கே நிற்கவும்” என்று எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி கணக்கு. பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் காலடியிலிருந்து 200 செ.மீ. தள்ளி, 50 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் முன்முகம் நிற்பது போலத் தெரிய வேண்டும். கண்ணிலிருந்து பெட்டியின் மேல் விளிம்பைத் தொட்டபடி ஒரு நேர்கோடு இழுத்தால், அது தரையில் விழும் இடத்தில்தான் அந்த விளிம்பை வரைய வேண்டும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்களே போதும். தொலைவைக் கண் உயரத்தால் பெருக்கி, கண் உயரத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 200 × 150 ÷ 100 = 300. அடி விளிம்பு 200இல், மேல் விளிம்பு 300இல். ஆக 50 செ.மீ. உயரம் தரையில் 100 செ.மீ. நீளமாகிறது.

இதுவரை பலர் சரியாக வந்துவிடுவார்கள். சறுக்குவது இதற்குப் பிறகுதான். “50 செ.மீ. 100 ஆகிறது என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடலாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெட்டியின் நடுக்கோடு 250 செ.மீ.யில் விழும். சரியான இடம் அதுவல்ல. 25 செ.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 200 × 150 ÷ 125 = 240தான் வருகிறது. உயரம் கூடக் கூட இழுவையும் கூடுகிறது. அதனால் பெட்டியின் முன்முகத்தில் சமக் கட்டங்கள் போட்டால், தரையில் கட்டங்கள் எட்டப் போகப் போக நீள வேண்டும். அகலமும் அப்படியே. 200 செ.மீ.யில் இருக்கும் அடி விளிம்பு 40 செ.மீ. என்றால், 300 செ.மீ.யில் வரையும் மேல் விளிம்பு 60 செ.மீ. இருக்க வேண்டும். தரையில் அது விரிந்த முறமாகத்தான் கிடக்கும். அது கோணலாகத் தெரிகிறதே என்று பயந்து பக்கக் கோடுகளை இணையாக்கிவிட்டால், பெட்டி மேலே குறுகிச் சாய்ந்து போகும்.

பள்ளம் வரைகிறவர்கள் கழிப்பதற்குப் பதில் ஆழத்தைக் கூட்ட வேண்டும். அங்கே கோடுகள் பார்ப்பவரை நோக்கி நகரும். இன்னொன்று, கண் உயரத்துக்குச் சமமான பொருளைத் தரையில் வரையவே முடியாது. வகுக்கும் எண் பூஜ்யமாகிவிடும், கோடு தரையைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கும். ஆளுயரச் சிங்கம் வரைய வேண்டுமென்று அடம்பிடிக்கும் குழுவுக்கு, மேல் பாதியைச் சுவரில் ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கணக்கு பிடிக்காதவர்கள் நூல் பிடிக்கலாம். கொத்தனார் நூல் பிடிப்பது போலத்தான். கண் உயரத்தில் ஒரு கம்பத்தில் ஆணி அடித்து, அதில் நூலைக் கட்டி, பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கம்பியால் செய்த சட்டத்தை நிறுத்த வேண்டும். நூலை விறைப்பாக இழுத்துச் சட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் தொட்டுக் கீழே கொண்டுபோனால், அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் வைத்தால் போதும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். வகுத்தல் தெரிந்த பிள்ளைகளைவிட நூல் பிடித்த பிள்ளைகள், ஏன் இப்படி வருகிறது என்று நன்றாக விளக்குகிறார்கள்.

ஆணியின் உயரத்தை யாருக்காக வைக்கிறோம் என்பதும் முக்கியம். 150 செ.மீ.க்கு வரைந்த பெட்டியை, கண் உயரம் 100 செ.மீ. உள்ள சிறு பிள்ளை அதே இடத்தில் நின்று பார்த்தால் 33 செ.மீ. உயரப் பெட்டியாகத்தான் தெரியும். பெரியவர்கள் வரைந்து பெரியவர்களே வியக்கும் கண்காட்சியாக அது முடிந்துவிடும். குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போட்டுவிடலாம்.

வாசல் கோலம் இதற்கு நேர் எதிர். ஊடுபுள்ளி வைத்து, சாய்சதுரங்களாக இணைத்தால் அடுக்கிய கனசதுரங்கள் தோன்றும். தெருவின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவை கனசதுரங்கள்தான். அங்கே கோடுகள் ஒரு கண்ணை நோக்கிக் குவிவதில்லை, இணையாகவே ஓடுகின்றன. அதனால் நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. ஆனால் அதிலும் ஒரு பொதுவான பிழை உண்டு. மூன்று முகங்களுக்கும் வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று சாயல்களை வகுத்துவிட்டுப் பாதியில் மாற்றிவிடுவார்கள். ஒரே பக்கம் பார்த்த முகங்கள் எல்லாம் ஒரே சாயலில் இல்லாவிட்டால் கனசதுரம் காணாமல் போய், வண்ணக் கட்டங்கள்தான் மிஞ்சும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதால், மேல்முகமே வெளிராக இருக்கட்டும்.

நேரில் தெரியாதது கைபேசியில் தெரிவதற்கு இன்னொரு காரணம், நமக்கு இரண்டு கண்கள் இருப்பது. இரண்டுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. தூரம் உண்டு. இரண்டும் சற்றே வேறான படங்களைத் தருவதால், இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கும் தரை தரைதான் என்று மூளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். ஆகவே பார்வையாளரிடம் ஒரு கண்ணை மூடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓர் அட்டையில் துளை போட்டு நிறுத்தினால் ஒற்றைக் கண், நிற்கும் இடம், உயரம் மூன்றும் ஒரே வேலையில் முடியும். அமெரிக்க அறிவியலாளர் அடெல்பர்ட் ஏம்ஸ் வடிவமைத்த கோணல் அறையில் ஒருவர் மூலைக்கு மூலை நடக்கும்போது குள்ளனாகவும் பூதமாகவும் மாறுவாரே, அதுவும் துளை வழியாகப் பார்க்கும்போதுதான் முழுமையாக எடுபடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். ஜூம் செய்வதால் காட்சியில் பொருள்கள் ஒன்றுக்கொன்று அமையும் விதம் மாறாது, நகர்ந்தால்தான் மாறும். படம் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று இரண்டடி பின்னால் போவதுதான் தவறு. குறித்த இடத்திலேயே நின்று அகலக் கோணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்காட்டில் ‘லேடீஸ் சீட்’ என்னும் காட்சி முனையில் நின்று சேலம் நகரத்தையே உள்ளங்கையில் ஏந்துவது போல எடுக்கும் படத்துக்கும் இதே விதிதான். கையும் ஊரும் இரண்டுமே தெளிவாக விழுந்தால்தான் அது எடுபடும். மூடுபனி இறங்கிய வேளையில் அது வீண் வேலை, ஏனென்றால் மங்கலானதைத் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் மூளைக்கு உண்டு. மழை விட்டுக் காற்று தெளிந்த காலையில் சேர்வராயன் மலை சேலத்துக்கு நெருங்கி வந்தது போலத் தோன்றுவதும் இதனால்தான். சுவரில் மலைக்காட்சி தீட்டுகிறவர்கள் எட்டத்து மலைக்கும் கிட்டத்து மரத்துக்கும் ஒரே அடர்த்தியில் பச்சை பூசிவிட்டு, ஆழம் வரவில்லை என்று வருந்துகிறார்கள்.

அடுத்தது, மூன்று கட்டைகள் மூன்று மூலைகளிலும் செங்கோணமாகச் சேர்ந்தது போலத் தெரியும் ‘கட்டவே முடியாத’ முக்கோணம். ஸ்வீடன் ஓவியர் ஆஸ்கர் ராய்ட்டர்ஸ்வார்ட் 1934இல் இதை வரைந்தார். லயனல் பென்ரோஸும் அவர் மகன் ரோஜர் பென்ரோஸும் 1958இல் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகம் அறிந்தது. மகன் 2020இல் இயற்பியல் நோபல் பெற்றவர். மூன்று மூலைகளும் செங்கோணம் என்றால் கூட்டுத்தொகை 270 பாகை. முக்கோணத்துக்கு 180தான். எனவே மூடிய வடிவமாக இது இருக்க முடியாது. ஆனால் மூடாமல் கட்டலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று சமக் கட்டைகளை அடுத்தடுத்து இணைத்தால் இரண்டு முனைகள் பிரிந்து நிற்கும். அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில் கண்ணை வைத்தால் அவை ஒட்டிக்கொண்டதாகத் தெரியும்.

இங்கே இரண்டு தவறுகள் வாடிக்கை. முதலாவது, மிகக் கிட்டத்தில் நின்று பார்ப்பது. கட்டை 30 செ.மீ. என்றால் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 52 செ.மீ. கிட்டத்து முனையிலிருந்து 2 மீட்டரில் கண் இருந்தால், எட்டத்து முனை ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். ஒட்டு போட்ட இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 10 மீட்டரில் அந்த வேறுபாடு 5 சதவீதமாகக் குறைந்துவிடும். வகுப்பறையில் அவ்வளவு இடம் கிடைக்காது. தாழ்வாரத்தின் கோடிக்குக் கொண்டுபோகலாம், அல்லது எட்டத்து முனையைச் சற்றுப் பருமனாகச் செய்யலாம். இரண்டாவது, மாதிரியை மேசை மேல் நேராக நிறுத்துவது. நேராக நிறுத்தினால் கிடைமட்டத்திலிருந்து சுமார் 35 பாகை மேலிருந்து பார்க்க வேண்டும். 3 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண் மாதிரியைவிட 2 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாக வேண்டும். ஏணி வைத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா? மாதிரியையே சாய்த்து, அந்தக் கோடு கண் மட்டத்துக்கு வரும்படி முட்டுக்கொடுக்க வேண்டும்.

சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ஒரு தூணில் ராமர், இன்னொன்றில் வாலி. ராமர் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் ராமர் தெரியமாட்டார் என்று காட்டுவார்கள். ‘முன்னோரின் விந்தை’ என்று அத்தோடு நிறுத்திவிடுவது எனக்கு உவப்பில்லை. ஒளி வந்த பாதையிலேயே திரும்பிப் போகும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி தெரிந்தால், அங்கிருந்து இதுவும் தெரிந்தே தீரும். ஆனால் நாம் நிற்பது சிலைக்கு முன்னால், கண் இருப்பது சிலையின் கண்ணிலிருந்து விலகி. இரண்டு முறையும் நம் பார்வை ஒரே கோட்டில் போவதில்லை. ஆள் எங்கே நிற்பார் என்று கணக்கிட்டுத் தூண்களுக்கு இடையே வேலை செய்த சிற்பியின் அறிவு, விந்தை என்று சொல்லிக் கடந்துபோவதைவிடப் பெரியது.

விளக்கத்தில் நடக்கும் தவறுகள் இன்னும் உண்டு. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் செங்குத்தாக ஏறிவிட்டு, சற்றே மெதுவாக ஏறும் ஓரிடம் வந்தால் அது இறக்கம் போலத் தோன்றலாம். அடிவானம் கண்ணில் படாததால் ஒப்பிட எதுவும் இல்லை. லடாக்கில் லே–கார்கில் சாலையில் வண்டி தானாக மேட்டில் ஏறுவதாகச் சொல்லப்படும் ‘காந்த மலை’யும் இதே வகைதான். காந்தம் என்று மாணவர்கள் எழுதி வைத்தால், ஒரு ரசமட்டத்தைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லலாம். ஜப்பானியக் கணிதவியலாளர் கோகிச்சி சுகிஹாரா இதே மயக்கத்தை மேசை மேல் கொண்டுவந்தார். பந்துகள் சரிவில் மேல்நோக்கி உருள்வதாகத் தோன்றும் அவரது மாதிரி, 2010இல் ஆண்டின் சிறந்த மாயத் தோற்றப் போட்டியில் முதல் பரிசு பெற்றது.

கண்ணாடியில் சதுரமாகவும் நேரில் வட்டமாகவும் தெரியும் அவரது உருளையைப் பலர் செய்துபார்க்கிறார்கள். கண்ணாடியில் சூட்சுமம் இருக்கிறது என்று நினைப்பது தவறு, அது சாதாரணக் கண்ணாடி. உருளையின் மேல் விளிம்பு மட்டமாக வெட்டியது என்று மூளை எண்ணுகிறது. உண்மையில் அது மேலும் கீழும் வளைந்து போகிறது. 45 பாகை சாய்வில் பார்ப்பதாக வைத்தால் கணக்கு மிக எளிது. வட்டத்திலும், மூலை நம்மைப் பார்க்கும்படி திருப்பிய சதுரத்திலும், இடவலமாகப் போகும் நடுக்கோட்டின் ஒரே புள்ளியிலிருந்து விளிம்பு வரையுள்ள அளவுகளை எடுத்து, கூட்டிப் பாதியாக்கினால் சுவர் நிற்கும் இடம் கிடைக்கும். வட்டத்தின் அளவிலிருந்து சதுரத்தின் அளவைக் கழித்துப் பாதியாக்கினால் விளிம்பின் உயரம் கிடைக்கும். ஆரம் 4 செ.மீ. என்றால், நடுவிலிருந்து பக்கவாட்டில் 2 செ.மீ. தள்ளி வட்டத்துக்கு 3.46, சதுரத்துக்கு 2. சுவர் 2.73 செ.மீ.யில், விளிம்பு எட்டத்துப் பக்கம் 0.73 செ.மீ. உயர்ந்து, கிட்டத்துப் பக்கம் அதே அளவு தாழ்ந்து. இரண்டு வடிவங்களின் அகலமும் சமமாக இல்லாவிட்டால் கணக்கு ஒட்டாது.

செய்து முடித்த பிறகு, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதைத் தொடவிடாமல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிப்பட்டும் அது வேலை செய்யும். விளிம்பு வளைந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்தவருக்கும், திரும்பப் பழைய இடத்தில் வைத்தவுடன் வட்டம்தான் தெரியும். கண்காட்சியில் காட்ட வேண்டிய சோதனையே அதுதான். மெல்லிய சார்ட் அட்டையில் செய்தால் நாலு பேர் கை பட்டதும் விளிம்பு மடங்கி வட்டம் கெட்டுவிடும். கெட்டி அட்டையில் ஒன்று கண்ணாடி முன்னாலும், தொட்டுப் பார்க்க இன்னொன்று தனியாகவும் வைத்துக்கொள்வது நல்லது.