பழைய சொகுசு காரின் மின்கோளாறு: மாட்யூலை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய சொகுசு காரில் மின்கோளாறு பெரும்பாலும் கூட்டமாகவே வரும். ஏபிஎஸ் விளக்கு எரியும், ஏர் சஸ்பென்ஷன் எச்சரிக்கை தோன்றும், கியர் ஒரே நிலையில் நின்றுகொள்ளும். கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தால் ஏழெட்டு மாட்யூல்களிலிருந்து (காரின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிப் பெட்டிகள்) பிழைக் குறியீடுகள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக ஒரு மாட்யூலை வாங்கி மாற்றுவதுதான் உரிமையாளருக்கு அதிகச் செலவு வைக்கும் தவறு. எந்த மாட்யூல் எதை எதிர்பார்த்து ஏமாந்தது என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. ஏன் என்பதை நாம்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அளவீடு பேட்டரியில் தொடங்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி சார்ஜ்தான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் 9.6-க்கும் கீழே சரிந்தால் மாட்யூல்கள் சில கணம் செயலிழந்து, ஒன்றின் தகவல் மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போய், இல்லாத கோளாறுகளையெல்லாம் பதிவுசெய்துவிடும். ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) இருந்த இடத்தில் சாதாரண பேட்டரியைப் பொருத்துவதும் தவறு. 2000-க்குப் பின் வந்த பல பிஎம்டபிள்யூ மாடல்களில் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவுசெய்யாவிட்டால், பழைய பேட்டரிக்கு உரிய கணக்கிலேயே சார்ஜ் தொடரும்.

அடுத்தது எர்த், அதாவது சாதனங்களிலிருந்து மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. இங்கேதான் தேர்ந்த மெக்கானிக்குகளும் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், பல இழைகள் அறுந்து ஒரே இழை மிஞ்சிய ஒயர்கூட நல்ல ஒயர் போலவே காட்டும், ஏனெனில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. எனவே சம்பந்தப்பட்ட விளக்கையோ மோட்டாரையோ இயங்கவிட்டு, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை அந்தச் சாதனத்தின் எர்த் முனையிலும் வைத்து வோல்ட் அளவில் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்கினாலே பல குறியீடுகள் ஒன்றாக மறைவதுண்டு.

நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கினால், உடனே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். கதவைப் பூட்டிய பிறகும் மாட்யூல்கள் உறங்குவதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினால் உறங்கியவையும் விழித்துக்கொள்ளும். ஃபியூஸை அசைக்காமல், அதன் தலையிலுள்ள இரு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்தால் எந்த மின்சுற்றில் மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் உறங்கிய பின் பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் மொத்த மின்னோட்டம் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும்.

நனைந்த மாட்யூலை உலர்த்திவிட்டுத் தண்ணீர் வந்த வழியைத் தேடாமல் விடுவது பாதி வேலைதான். சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் கூரையைத் தாங்கும் தூண் வழியாக இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். பல ஜெர்மன் கார்களில் மாட்யூல்கள் இருப்பதும் அங்கேதான்.

ஒயர்களை வெளித்தோற்றத்தை வைத்து நம்பக் கூடாது. டிக்கி மூடியின் கீல் அருகே ஆயிரக்கணக்கான முறை மடங்கிய ஒயரில் மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும் ஒயர் அறுந்த ஒயர். 1990-களின் முற்பகுதியில் வந்த பல மெர்சிடஸ் கார்களிலோ, இன்ஜின் ஒயரிங்கின் மேலுறையே வெப்பத்தில் பொடியாகி உதிர்ந்துவிடும். அத்தகைய ஒயரிங்கை டேப் சுற்றிக் காப்பாற்ற முடியாது, முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும்.

எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் அடுத்து எரிவது ஒயர். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் விளக்கையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும்.