புரொஜெக்டர் ரிமோட்டைக் கணினி மவுஸாகப் பயன்படுத்துவது எப்படி?

வகுப்பறையிலோ கூட்ட அரங்கிலோ பேசுபவர், ஒவ்வொரு ஸ்லைடை மாற்றுவதற்கும் மடிக்கணினி இருக்கும் மேசைக்கு நடந்து செல்ல வேண்டியிருப்பது பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கும். இதற்கெனத் தனியாக பிரசென்டர் கருவி வாங்குவதற்கு முன், புரொஜெக்டருடன் வந்த ரிமோட்டையே மவுஸாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துவிடுவது நல்லது. எப்சன் நிறுவனத்தின் பல மாடல்களில் இந்த வசதி உள்ளது. ஆனால் அது மெனுவின் ஒரு மூலையில் கிடப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

முதலில் அறிய வேண்டியது, ரிமோட் நேரடியாகக் கணினியுடன் பேசுவதில்லை என்பதுதான். அது அகச்சிவப்பு ஒளி மூலம் புரொஜெக்டருக்கு மட்டுமே கட்டளை அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொண்ட புரொஜெக்டர், யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியிடம் தன்னை ஒரு மவுஸாகக் காட்டிக்கொள்கிறது. விஜிஏ கேபிளும் எச்டிஎம்ஐ கேபிளும் படத்தைக் கொண்டுசெல்வதற்கானவை. மவுஸின் அசைவைக் கணினிக்குத் திருப்பி அனுப்ப அவை உதவா. ஆகவே படம் திரையில் தெளிவாகத் தெரிந்தாலும், யூஎஸ்பி கேபிள் இல்லாவிட்டால் அம்புக்குறி அசையாது.

புரொஜெக்டரின் பின்புறத்தில் சதுரமாக இருக்கும் டைப் பி துளையில்தான் இந்தக் கேபிளைச் செருக வேண்டும். தட்டையான டைப் ஏ துளை பென் டிரைவ் போன்றவற்றுக்கானது. இந்த வேலைக்கு அது ஆகாது. கேபிளின் மறுமுனை கணினியின் வழக்கமான யூஎஸ்பி துளையில் செல்லும். கடையில் பிரிண்டர் கேபிள் என்று கேட்டாலே இதைத் தருவார்கள். கூரையில் பொருத்திய புரொஜெக்டராக இருந்தால் நீளத்தைக் கவனிக்க வேண்டும்: யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் இணைப்பு நம்பகமாக இருக்காது என்பதால், சிக்னலை வலுப்படுத்தும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள் தேவைப்படும்.

அடுத்து, ரிமோட்டின் மெனு பொத்தானை அழுத்தி, யூஎஸ்பி டைப் பி என்ற அமைப்பைத் தேடி, அதில் வயர்லெஸ் மவுஸ் என்ற சொல் இடம்பெறும் தேர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல மாடல்களில் இது எக்ஸ்டெண்டட் என்ற மெனுவின் கீழ் இருக்கும்; இடம் மாறியிருந்தால் கையேட்டைப் பார்ப்பதே குறுக்குவழி. பின்னர் மெனுவை மறக்காமல் மூடிவிட வேண்டும், ஏனெனில் மெனு திரையில் இருக்கும் வரை அம்புப் பொத்தான்கள் மெனுவுக்கே வேலை செய்யும். விண்டோஸ் கணினி பொதுவாகத் தனி டிரைவர் மென்பொருள் எதையும் கேட்பதில்லை.

இனி அம்புப் பொத்தான்களை அழுத்தினால் திரையிலுள்ள அம்புக்குறி நகரும். குறுக்காக நகர்த்த, பக்கத்துப் பக்கத்திலுள்ள இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தலாம். என்டர் இடது கிளிக்காகவும், எஸ்கேப் வலது கிளிக்காகவும் இயங்கும். என்டரை வேகமாக இருமுறை அழுத்துவது இரட்டைக் கிளிக். ஒன்றை இழுத்து நகர்த்த, என்டரை அழுத்திப் பிடித்தபடியே அம்புப் பொத்தான்களால் கொண்டுசென்று, உரிய இடத்தில் என்டரை விட வேண்டும். இந்த இழுவை வேலை பொறுமையைச் சோதிக்கும் என்பதால், கோப்புகளை ஒழுங்குபடுத்துவது போன்றவற்றை உரைக்கு முன்பே உண்மையான மவுஸைக் கொண்டு முடித்துவிடுவதே சிறந்தது. ரிமோட்டின் உண்மையான பயன் பேஜ் அப், பேஜ் டவுன் பொத்தான்களில் இருக்கிறது: பவர்பாயிண்டில் எஃப்5 அழுத்தி ஸ்லைடு ஷோவைத் தொடங்கிவிட்டால், அரங்கில் நடமாடியபடியே அவற்றால் முன்னும் பின்னும் செல்லலாம்.

அம்புக்குறி அசையவில்லை என்றால், படத்தைப் பெரிதாக்கும் ஈ-ஜூம் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கும்போது மவுஸ் வசதி வேலை செய்யாது. ரிமோட் புரொஜெக்டரையே எட்டுகிறதா என்பதில் ஐயம் இருந்தால், அதன் முன்முனையைக் கைபேசிக் கேமரா முன் நீட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள்: கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கேமராக்களில் வெளிர் ஊதாவாக மின்னும். மின்னினால் பேட்டரியில் குறையில்லை. நிற்கும் கோணத்தை மாற்றிப் பார்க்கலாம். இடது, வலது கிளிக்குகள் இடம் மாறித் தெரிந்தால், இடக்கைப் பழக்கமுள்ள யாரோ அந்தக் கணினியின் மவுஸ் அமைப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். விண்டோஸ் அமைப்புகளில் முதன்மைப் பொத்தானை இடது என்று மாற்றினால் ரிமோட்டும் சரியாகிவிடும்.