ஒஹாயோல அணில் வேட்டை: லைசன்ஸ்ல இருந்து குக்கர் வரைக்கும்

அணிலயா சுடுறீங்க, ராமர் முதுகுல தடவிக் கொடுத்த அணிலயான்னு கேக்கப் போறீங்கன்னு தெரியும், எங்கம்மாவும் போன்ல அதத்தான் கேட்டாங்க. இங்க உள்ள அணிலுக்கு முதுகுல கோடே கிடையாதும்மான்னு சொல்லிப் பாத்தேன், எடுபடல. நான் மதுரைப் பக்கம், அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, கடைசி 6 வருஷமா செப்டம்பர் பொறந்தா காட்டுக்குப் போயிடுவேன். ஆபீஸ்ல ஒரு தம்பி "அண்ணே, எப்படி ஆரம்பிக்கிறது"ன்னு நச்சரிச்சுட்டே இருந்தான், அவனுக்குச் சொன்னத கொஞ்சம் ஒழுங்கா இங்க எழுதி வைக்கிறேன்.

மொத வேலை பேப்பர் வேலை. ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சாத்தான் ஹன்டிங் லைசன்ஸ் தருவாங்க. கோர்ஸ் முடிக்காதவங்களுக்கு அப்ரன்டிஸ் லைசன்ஸ்னு ஒன்னு இருக்கு, ஏற்கனவே லைசன்ஸ் உள்ள பெரியவங்க கூடவே இருந்தா போகலாம், ஆனா கோர்ஸ முடிச்சிருங்க, துப்பாக்கிய வேலி தாண்டும்போது எப்படிப் பிடிக்கணும்ங்கறதெல்லாம் யூடியூப் பாத்துக் கத்துக்கற விஷயம் இல்ல. இதுல நம்மாளுங்க கவனிக்க வேண்டியது விசா. கிரீன் கார்டு, சிட்டிசன்னா பிரச்சனை இல்ல. ஹெச்1பி மாதிரி விசால இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம், செல்லுபடியாகுற ஹன்டிங் லைசன்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதனால லைசன்ஸ் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கியத் தொடணும். சும்மா ஃப்ரெண்டு கூட ரேஞ்சுக்குப் போய் நாலு ரவுண்டு சுட்டுட்டு வரலாம்னு போறவங்கள பாத்திருக்கேன், வேணாம் சாமி, கிரீன் கார்டு வரிசைல நிக்கிறவங்க ஒரு வக்கீலுக்கு அரை மணி நேரத்துக்குக் காசு குடுத்துக் கேட்டுட்டே இறங்குங்க.

சீசன் செப்டம்பர் 1ல இருந்து ஜனவரி 31 வரைக்கும், ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 6 அணில்தான். விதி வருஷா வருஷம் மாறலாம், அந்த வருஷத்து வேட்டை விதிக் கையேட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க. அடுத்தவங்க நெலத்துல போறதா இருந்தா ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், வாய்ல சொன்னார்ங்கறது செல்லாது. நெலம் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா தென்கிழக்குல வெய்ன் நேஷனல் ஃபாரஸ்ட் இருக்கு, ஜலேஸ்கி ஸ்டேட் ஃபாரஸ்ட் இருக்கு, கொலம்பஸ்ல இருந்து காலைல காபி ஆறுறதுக்குள்ள போயிடலாம்னு சொல்ல மாட்டேன், ஆனா இருட்டுல கெளம்புனா விடியுறதுக்குள்ள போயிடலாம். வீட்டுத் தோட்டத்துல தக்காளிய கடிச்சு வைக்குற அணில சுடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. ஊருக்குள்ள துப்பாக்கி வெடிச்சா போலீஸ் வரும், அதுக்கு வலை போடுங்க போதும்.

இந்த 6ங்கற கட்டுப்பாடெல்லாம் இல்லாத காலத்த யோசிச்சா கொஞ்சம் பயமா இருக்கும். 1807ல இதே ஒஹாயோல வரியோட சேத்து அணில் தலைத்தோலும் கட்டணும்னு சட்டம் போட்டாங்க, ஆளுக்கு 10க்குக் குறையாம, 100க்கு மேல போகாம. சோளத்த அழிக்குதுன்னு காரணம். 1822ல கொலம்பஸ சுத்தி ஊரே கூடிப் பெரிய வேட்டை ஒன்னு நடத்தி 19,660 தலைத்தோல எண்ணிருக்காங்க, நாம இப்ப பிரியாணி பார்சல் வாங்குற அதே ஊர்ல. 1862ல உள்நாட்டுப் போர் நடந்தப்ப, இதே ஒஹாயோல உள்ள சின்சினாட்டிய சவுத் படை தாக்க வருதுன்னு கவர்னர் டேவிட் டாட் கூப்பிட்டப்ப பதினஞ்சாயிரத்துச் சொச்சம் பேர் வீட்டுத் துப்பாக்கியோட ஓடி வந்தாங்க, அவங்களுக்குப் பேரே அணில் வேட்டைக்காரங்கதான். அணில் எப்படியோ பொழச்சுக்கிச்சு. பாசெஞ்சர் பீஜன்னு ஒரு புறா, கோடிக் கோடியா வானத்த மறைச்சுப் பறந்தது, அது பொழைக்கல, கடைசி ஒன்னு மார்த்தான்னு பேரு, சின்சினாட்டி ஜூல 1914 செப்டம்பர் 1 அன்னைக்குச் செத்துச்சு. இப்ப நம்ம சீசன் தொறக்குற அதே தேதி. நான் ஒவ்வொரு வருஷமும் முத நாள் காட்டுல உக்காந்து இத நெனப்பேன், ஏன்னு தெரியல.

சரி துப்பாக்கி. ரெண்டு வழி இருக்கு. பாயின்ட் 22 ரைஃபிள், இல்லன்னா 20 கேஜ் ஷாட்கன்ல 6ஆம் நம்பர் ஷாட், அதாவது ஒரே தோட்டாவுல இருந்து சிதறிப் போற சின்னச் சின்ன குண்டு. செப்டம்பர்ல மரமெல்லாம் இலையோட அடர்த்தியா இருக்கும், அணில் ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு ஷாட்கன் நல்லது, 30 யார்டுக்குள்ள (ஒரு யார்டுன்னா மூணு அடி). இலை உதிர்ந்ததுக்கு அப்புறம் 22 தான் அழகு, சத்தம் கம்மி, கறி வீணாகாது, ஆனா தலையில மட்டும்தான் சுடணும். அணில் தலைல நீங்க குறி வைக்கிற இடம் ஒரு ரூபா காசு அளவுதான் இருக்கும். அதனால காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரேஞ்சுல 25 யார்டுல ஸ்கோப்ப (துப்பாக்கி மேல மாட்டுற, குறி பாக்குற லென்ஸ்) செட் பண்ணிட்டு, பெஞ்சுல இருந்து எந்திரிச்சு தரையில உக்காந்து, முட்டில முழங்கையை ஊனி, காசு அளவு வட்டத்துல 10 சுடுங்க. 9 உள்ள விழுந்தா 25 யார்டு உங்க தூரம். 6 தான் விழுதுன்னா 15 யார்டுதான் உங்க தூரம், அணில் 20ல உக்காந்து உங்களப் பாத்து கேலி பண்ணாலும் விட்டுடணும்.

அதவிட முக்கியம் பின்னாடி என்ன இருக்குங்கறது. 22 தோட்டா சின்னதா இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஒரு மைலத் தாண்டிப் போகும். கிளை நுனில வானத்துக்கு எதிரா அணில் உக்காந்திருந்தா அத ரைஃபிள்ல சுடவே கூடாது, அடிமரமோ தடி கிளையோ அதுக்குப் பின்னாடி இருக்கணும். இலைக் கூட்டுல சுடுறதும் கூடாது, உள்ள யாரு இருக்கான்னு தெரியாது. இன்னொன்னு, இதுங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ குட்டி போடும், கோடைக் கடைசில போட்ட குட்டிங்க செப்டம்பர் தொடக்கத்துல இன்னும் பால் குடிச்சிட்டு இருக்கும். ஸ்கோப்புல வயித்துப் பக்கம் காம்பு எடுப்பா தெரிஞ்சா அது தாய், விட்டுருங்க. இதுக்காகவே நான் இப்பல்லாம் செப்டம்பர் கடைசி வாரம் வரைக்கும் துப்பாக்கி இல்லாம சும்மா பாத்துட்டு வர்றதோட சரி.

எங்க உக்காரணும்? ஹிக்கரின்னு கொட்டை காய்க்கிற மரத்தத் தேடுங்க. பட்டை பட்டையா உரிஞ்சு தொங்கும், ஷாக்பார்க் ஹிக்கரின்னு பேரு, தூரத்துல இருந்தே தெரியும். அடியில போய் பாத்தா பச்சை ஓட்டுத் துணுக்கு, பல்லால செதுக்கின தூள், புதுசா கொட்டிக் கிடக்கும், அதான் டைனிங் டேபிள். விடியுறதுக்கு முன்னாடி அங்க இருந்து 20 யார்டு தள்ளி ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்து போன ஆஃப் பண்ணிருங்க. முத அரை மணி நேரம் ஒன்னும் நடக்காது, அப்புறம் மேல இருந்து தூறல் மாதிரி சத்தம் கேக்கும், மழை இல்ல, அணில் கொட்டைய செதுக்குற தூள் இலைல விழுற சத்தம். சாம்பல் அணில் விடியக்காலைல வந்துரும், ஃபாக்ஸ் அணில்னு செம்பட்டையா பெருசா இருக்கும் பாருங்க, அது லேட்டா எந்திரிக்கிற ஆளு, 9 மணிக்கு மேல கூட வரும். ராத்திரி மழை பெஞ்ச மறுநாள் ரொம்ப நல்லது, சருகு நனைஞ்சு இருக்கும், நடந்தா சத்தம் வராது. உங்களப் பாத்துட்டா மரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கும், நீங்க சுத்துனா அதுவும் சுத்தும், அப்ப ஒரு குச்சிய எடுத்து அந்தப் பக்கம் எறிங்க, சத்தத்துக்கு பயந்து இந்தப் பக்கம் வரும். துப்பாக்கியால மான் வேட்டையாடுற சீசன்ல ஆரஞ்சு கலர் ஜாக்கெட் சட்டப்படியே கட்டாயம், நான் எல்லா நாளும் போட்டுக்கறேன், என் பொண்டாட்டி போட்ட கண்டிஷன் அது.

உக்காந்து பாக்குறதுலயே நெறைய இருக்கு. ஒயிட் ஓக் கொட்டை கீழ விழுந்த உடனே முளைக்க ஆரம்பிச்சுரும், அதனால அணில் அதோட முளைய மட்டும் கடிச்சுக் கொன்னுட்டுப் புதைக்கும், குளிர்காலத்துக்கு கெடாம இருக்க. ரெட் ஓக் கொட்டை வசந்தத்துலதான் முளைக்கும், அத அப்படியே புதைச்சுரும். இத மொத தடவ கண்ணால பாத்த அன்னைக்கு நான் சுடல.

இங்க அந்தப் பெரிய கேள்விக்கு வந்துடறேன். கொல்றது சரியா? வழக்கமா சொல்ற பதில் மூணு நாலு இருக்கு, எனக்கு எதுவும் முழுசா ஒத்துவரல. "அணில் பெருகிரும், நாமதான் கட்டுப்படுத்தணும்"னு சொல்வாங்க, அது அணிலுக்குச் சரியா வராது, அணில் கூடுறதும் குறையுறதும் அந்த வருஷம் காட்டுல கொட்டை எவ்வளவு காய்க்குதுங்கறதப் பொறுத்தது, நம்ம 6ஆல ஒன்னும் ஆகப்போறதில்ல. "துப்பாக்கி, தோட்டா வாங்குறப்ப கட்டுற வரிலதான் காடே நடக்குது"ன்னு சொல்வாங்க, 1937ல வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம், ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், அது உண்மைதான், ஆனா வரி கட்டுனதால செத்த அணிலுக்கு என்ன ஆறுதல். "கடைல கோழி வாங்கித் திங்குறியே"ன்னு கேக்குறது மட்டும் எனக்குக் குத்துது. அந்தக் கோழி ஆறேழு வாரம் ஷெட்டுக்குள்ள இருந்துட்டு யாரோ ஒருத்தர் கையால சாகுது, அந்தக் கை அழுக்கு நம்ம கைல ஒட்டாம இருக்கத்தான் நாம காசு குடுக்குறோம். ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, பசிக்காக நான் சுடல, குரோகர் சூப்பர் மார்க்கெட் என் வீட்டுல இருந்து 10 நிமிஷம். எனக்குத் தேவை கிடையாது, பிடிச்சிருக்கு, அவ்வளவுதான், அத மறைக்கிறதுல அர்த்தம் இல்ல. வேணாம்னு நெனைக்கிறவங்க போகாதீங்க, அவங்க என்னவிட ஒரு படி மேலதான். போறதுன்னு முடிவு பண்ணிட்டா அது சட்டுனு சாகணும், செத்தத வீணாக்காம திங்கணும், நான் எனக்குப் போட்டுக்கிட்ட விதி இந்த ரெண்டுதான்.

அந்த விதி சும்மா வரல. ரெண்டாவது வருஷம், 30 யார்டு இருக்கும், என் தூரம் இல்லன்னு தெரிஞ்சே சுட்டேன். தலைல படல, பின்னாடி இடுப்புல பட்டுச்சு. முன்னங்கால மட்டும் வச்சு இழுத்துக்கிட்டே மரத்துல ஏறி பொந்துக்குள்ள போயிருச்சு. நான் கீழ ரெண்டு மணி நேரம் நின்னேன். மரத்த வெட்ட முடியாது, ஏற முடியாது, உள்ள இருந்து சத்தம் வந்துச்சு, அப்புறம் வரல. அந்த வருஷம் அதுக்கப்புறம் போகவே இல்ல. அதனால சொல்றேன், ஒன்னு சுட்டவுடனே அடுத்த தோட்டாவ ஏத்திட்டு ரெடியா இருங்க, கீழ விழுந்து அசைஞ்சா உடனே தலைல இன்னொன்னு, கறி கெட்டா கெட்டுட்டுப் போகுது. ரொம்பப் பக்கத்துல கிடந்தா கனமான கட்டையால மண்டைல ஒரே அடி, பாக்க கொடூரமா இருக்கும், அதுக்கு அதான் சீக்கிரம். கையால மட்டும் தூக்கிடாதீங்க, கடிச்சா விரல் கிழியும். குச்சி நுனியால கண்ணத் தொட்டுப் பாருங்க, இமைக்கலன்னா முடிஞ்சுது. அடிபட்டத தேடிக் கண்டுபிடிக்க முடியலன்னாலும் அன்னைக்கு கணக்குல அத ஒன்னா வச்சு, 5ஓட நிறுத்திக்கோங்க, யாரும் எண்ணப் போறதில்ல, இருந்தாலும்.

உரிக்கிறது. கோழி உரிச்சவங்களுக்குக் கூட இது கஷ்டம், தோல் அப்படி ஒட்டியிருக்கும், அதனால சூடு ஆறுறதுக்குள்ள பண்ணிடணும். கை கிளவுஸ் கட்டாயம், துலரீமியான்னு ஒரு வியாதி முயல் அணில்ல இருந்து வரும். மொதல்ல தண்ணில நல்லா நனைங்க, இல்லன்னா முடி பூரா கறில ஒட்டும். வாலத் தூக்கி அடிப்பக்கத்துல இருந்து வால் எலும்ப வெட்டுங்க, முதுகுப் பக்கத் தோல் அறுந்துறக் கூடாது, அந்தத் தோலோடயே ரெண்டு பக்கமும் தொடை மேல வரைக்கும் கொஞ்சம் கீறி விடுங்க. இப்ப தரைல போட்டு வால ஷூவால மிதிச்சுக்கிட்டு பின்னங்கால ரெண்டையும் பிடிச்சு நிதானமா மேல இழுங்க, முதுகுல இருந்து முன்னங்கால் வரைக்கும் சட்டை கழட்டுற மாதிரி வந்துரும். மிச்சம் வயித்துப் பக்கம் முக்கோணமா நிக்கிற தோலப் பிடிச்சு எதிர்ப்பக்கம் இழுத்தா பேன்ட் கழண்டுரும். எனக்குச் சொல்லிக் குடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நிமிஷத்துல முடிப்பாரு, எனக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகுது. செப்டம்பர்ல தோலுக்கு அடில புழு உருண்டையா இருக்கும், ஒரு வகை ஈயோட புழு, பாத்தா சோறு இறங்காது, ஆனா கறிக்கு ஒன்னும் ஆகாது, அந்த இடத்த வெட்டி எறிங்க. ஈரல்ல வெள்ளை வெள்ளையா சின்னப் புள்ளி இருந்தா மட்டும் யோசிக்காம முழுசா தூக்கிப் போட்டுருங்க. முன்னங்கால் அக்குள்ல சின்ன சுரப்பி இருக்கும், எடுத்துருங்க, வாடை அடிக்கும். மூளைய திங்குற பழக்கம் கென்டக்கி பக்கம் உண்டு, வேணாம். சுத்தம் பண்ணினத ஐஸ் பாக்ஸ்ல போடுங்க, வெயில்ல கார்ல வைக்காதீங்க.

நாலு காலு, ஒரு முதுகு, அஞ்சு துண்டு வரும். ஒரு அணில்ல ஒருத்தருக்கே பத்தாது, மூணு இருந்தா ரெண்டு பேருக்கு கொழம்பு. உப்புத் தண்ணில ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, உப்புக்கறி மாதிரிதான் நான் பண்றேன். இளசுக்கு 4 விசில், கெழடுக்கு 8 விசில் கூட விடலாம், தோல் உரிக்கும்போதே தெரிஞ்சுரும் எது கெழடுன்னு, வராதே. வெந்ததுக்கு அப்புறம் குக்கர்ல இருந்து எடுத்து கல்லுல வறட்டிருங்க. ஷாட்கன்ல அடிச்சதா இருந்தா மெதுவா மெல்லுங்க, குண்டு பல்ல உடைச்சுரும். ருசி கோழியும் இல்ல முயலும் இல்ல, லேசா கொட்டை வாசனை, ஹிக்கரி திங்குறதாலன்னு அந்தப் பெரியவர் சொல்வாரு, எனக்கு மிளகு வாசனைதான் தெரியுது.

வால தூக்கிப் போடாதீங்க. விஸ்கான்சின்ல மெப்ஸ்னு மீன் தூண்டில் பண்ற கம்பெனி இருக்கு, அணில் வால காசு குடுத்து வாங்கிக்கறாங்க, வாலுக்காக மட்டும் கொல்லாதீங்கன்னு அவங்களே சொல்றாங்க. வெட்டுன பக்கம் உப்பத் தடவி, வளையாம நேரா வச்சுக் காய விடணும், பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுனா அழுகிரும்.