கன்சல்டிங் வேலையில் மூச்சு முட்டுதா? மணிக்கணக்கை உங்கள் கையில் எடுப்பது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய், மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக் காசு வாங்கும் கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் நிறையப் பேர் வீட்டிலேயே முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போனவர்கள். அப்பா மாந்தோப்போ லாரியோ மளிகைக் கடையோ பார்த்திருப்பார், ஆபீஸில் யாரிடம் எப்படிப் பேசணும், எதை எழுத்தில் வாங்கணும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்லைடு திருத்திக்கொண்டு, எல்லாருக்கும் இப்படித்தான் போல என்று நினைத்து வருஷங்களை ஓட்டிவிடுகிறோம். நானும் அப்படி ஒரு கம்பெனியில் இருந்து வந்தவன். வேலையை விட்டுவிடு என்றோ, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றோ சொல்ல வரவில்லை. இருக்கும் வரை எப்படி இருப்பது, கிளம்புவதென்றால் எப்படிக் கிளம்புவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். கன்சல்டிங்கில் விற்பனைக்கு இருக்கும் சரக்கு உங்கள் நேரம். சில புராஜெக்டில் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பில் போவது உண்டு. சிலவற்றில் மொத்த வேலைக்கும் சேர்த்து ஒரே தொகை பேசிவிடுவார்கள். இந்த இரண்டாவது வகையில்தான் நாம் அடிபடுகிறோம். நாலு பேர் எட்டு வாரம் செய்ய வேண்டிய வேலையை, போட்டியில் ஆர்டர் பிடிக்கணும் என்பதற்காக மூணு பேர் ஆறு வாரம் என்று குறைத்து, ஆர்டர் பிடிக்கும் பெரிய தலையான பார்ட்னர் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கிளையன்ட் கேட்கும் வேலை ஒரு வரிகூடக் குறையாது. அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் தூக்கத்திலிருந்துதான் வரணும். மேனேஜருக்கும் அந்தப் புராஜெக்டில் எவ்வளவு லாபம் நின்றது என்பதை வைத்துத்தான் ரேட்டிங். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எந்தப் புராஜெக்டுக்கு எத்தனை மணி நேரம் என்று பதியும் டைம்ஷீட்டைப் போடும் நேரத்தில் பக்கத்தில் வந்து, 'எட்டெட்டு மணி நேரமே போட்டுடுப்பா, பட்ஜெட் தாண்டக் கூடாது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். நீங்களும் போட்டுவிடுவீர்கள். அடுத்த தடவை இதே மாதிரி வேலைக்கு ஆள் கணக்குப் போடும்போது, பழைய டைம்ஷீட்டைப் பார்த்து, மூணு பேர் ஆறு வாரத்தில் சுலபமாக முடித்திருக்கிறார்களே என்று அதே கணக்கைத்தான் போடுவார்கள். நீங்கள் முழித்திருந்த ராத்திரிகள் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அதனால் முதல் வேலை, உங்களுக்கென்று ஒரு நோட்டு. செல்போனில் வேண்டாம், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம், சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் படுக்கும் முன்னால் ஒரு வரி எழுதுங்கள். 'செவ்வாய். காலை 9.30 - இரவு 12.40. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மாலை 7 மணிக்கு மேல் செய்தது: மேனேஜர் கேட்ட விலை ஒப்பீடு, இரண்டாவது தடவை.' இவ்வளவுதான். கிளையன்ட் பெயர், எண்கள், ரகசியம் எதையும் அதில் எழுதாதீர்கள். ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்வதும் வேண்டாம், அதை வைத்தே வேலையை விட்டு அனுப்ப முடியும். நேரமும், யார் கேட்டார்கள் என்பதும் போதும். மாதம் முடிந்து புரட்டிப் பார்த்தால் எந்த வேலை உங்களைத் தின்கிறது என்று பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது கிளையன்ட் கேட்ட வேலையாக இருக்காது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப மனசு மாற்றிய வேலையாக இருக்கும்.

கம்பெனி டைம்ஷீட்டில் என்ன போடுவது? உண்மையைப் போடுங்கள். குறைத்துப் போடச் சொன்னால் சண்டை வேண்டாம், ஒரு மெயில் மட்டும் அனுப்புங்கள்: இந்த வாரம் இந்தப் புராஜெக்டில் 58 மணி நேரம் ஆகியிருக்கிறது, 40-க்கு மேலே உள்ளதை எந்தப் புராஜெக்ட் நம்பரில் (code) போடட்டும்? இவ்வளவுதான் கேள்வி. புகாரும் இல்லை, புலம்பலும் இல்லை. பதில் எழுத்தில் வந்தால் நல்லது. நேரில் வந்து 'விடுப்பா பாத்துக்கலாம்' என்று சொன்னாலும் நீங்கள் கேட்ட மெயில் இருக்கும், வேலையை எடைபோட்டு ரேட்டிங் போடும் அப்ரைசலில் 'இவர் மெதுவாக வேலை செய்கிறார்' என்று யாராவது சொல்லும்போது அது கை கொடுக்கும்.

அடுத்தது அந்த ஆறரை மணி மெசேஜ். பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது வரும், 'சின்ன வேலைதான், இன்னிக்கே முடிச்சிடலாமா' என்று. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள், வாய் தானாகவே 'சரிங்க சார்' என்று சொல்லிவிடும். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லத் தேவையில்லை. தேதியும் விலையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'நாளை மதியம் 12 மணிக்குள் தந்துவிடுகிறேன். இன்றே வேண்டுமென்றால் இப்போது கையில் இருக்கும் கிளையன்ட் ரிப்போர்ட் நாளை சாயங்காலத்துக்குப் போகும். எது முதலில் என்று சொல்லுங்கள்.' இப்படிக் கேட்டால் பெரும்பாலும் 'நாளைக்கே குடு' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கேட்டவருக்கே அது அவ்வளவு அவசரம் கிடையாது. உண்மையிலேயே அவசரமான நாளும் வரும், அன்றைக்கு இருந்து செய்து கொடுங்கள், அப்போதுதான் மற்ற நாளில் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு இருக்கும்.

ஸ்லைடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ராத்திரிகளில் பாதியை அதுதான் எடுத்துக்கொள்கிறது. நாம் என்ன செய்கிறோம் என்றால், மேனேஜர் வாயால் சொன்னதைக் கேட்டவுடனே லேப்டாப்பைத் திறந்து, டப்பா வரைந்து, கலர் போட்டு, முப்பது ஸ்லைடு செய்து கொண்டுபோய்க் காட்டுகிறோம். அவர் நாலாவது ஸ்லைடிலேயே 'நான் சொன்னது இது இல்லையே' என்கிறார். மறுபடி முதலிலிருந்து. இதைத் தவிர்க்க ஒரே வழி, கலர் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும் முழு வாக்கியமாக எழுதுவது. 'செலவு விவரம்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை, 'செலவில் பாதி மூன்று சப்ளையர்களிடம் போகிறது' என்று எழுதணும். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் சொல்ல வந்தது முழுக்க விளங்கணும். அந்தத் தாளோடு மேனேஜரிடம் பதினைந்து நிமிஷம் உட்காருங்கள், அவர் அடித்துத் திருத்தட்டும், தாளில் திருத்துவதற்கு யாருக்கும் செலவில்லை. திருத்தியதைப் போட்டோ எடுத்து 'இந்த வரிசையில் செய்கிறேன்' என்று ஆபீஸ் சாட்டிலேயே அவருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் லேப்டாப்பைத் திறங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்குத் திருப்பிக் கொடுத்த தூக்கம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்ரைசல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ரேட்டிங் முடிவாகும் அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மேனேஜர்கள் கூடிப் பேசி, இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்ற அளவுக்குள் ஆட்களை அடைப்பார்கள். அங்கே உங்களுக்காகப் பேசுபவர் கையில் பேச ஏதாவது இருக்கணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், என்ன செய்தேன், அதனால் கிளையன்டுக்கு என்ன ஆனது என்று. நம்மை நாமே புகழ்ந்துகொள்வதா என்று கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், கூச்சத்தோடே அனுப்புங்கள். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவன் மீட்டிங்கில் வாய் திறந்தாலே வேலை செய்த மாதிரி ஆகிவிடுகிறது, வேலையைச் செய்த நீங்கள் எழுத்தில்தான் நிற்க முடியும்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கஷ்டம். 'ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு என்னப்பா கஷ்டம்' என்று அப்பா கேட்பார், அவர் வெயிலில் நின்றதை நினைத்தால் நமக்கும் பதில் வராது. சொந்தக்காரர்களுக்குப் பன்னிரண்டு லட்சம் சம்பளம் என்று மட்டும் தெரியும், கல்யாணத்துக்குக் கடன் கேட்டு மாமா போன் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் விளக்குங்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், கிடைக்குமா என்றே தெரியாத வேரியபிள் பே எல்லாம் சேர்ந்திருக்கும், கைக்கு வருவது இவ்வளவு, வாடகை இவ்வளவு, கல்விக் கடன் இவ்வளவு என்று எழுதிக் காட்டுங்கள். அந்த நோட்டையும் காட்டுங்கள். ராத்திரி 12.40 என்று பிள்ளை கையெழுத்தில் வரிசையாகப் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் புரியும்.

வாராவாரம் ஊருக்கு வந்து போவதை யோசித்துச் செய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆனால் ஊருக்கு ரயில் கிடையாது. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு. திங்கட்கிழமை விடிகாலைப் பஸ் பிடித்து, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் போய் நிற்கும்போதே வாரத்தின் தூக்கக் கடன் தொடங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி உண்டென்றால், வெள்ளி, திங்கள் இரண்டையும் கேட்டு வாங்கி நாலு நாள் சேர்ந்தாற்போல ஊரில் இருங்கள், மற்ற மூன்று நாள் ஆபீஸில் இருங்கள்.

உடம்பைப் பற்றி. வாரம் 70 மணி நேரம் உழைக்கணும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னதை வைத்து வாட்ஸப்பில் நிறையச் சண்டை நடந்தது. அதற்கு முன்பே, 2021-இல், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒரு கணக்கு வெளியிட்டன: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் கூடுதல். உங்கள் நோட்டில் வாரக் கூட்டல் 55-ஐத் தாண்டி மாதக்கணக்கில் நின்றால், அது பழகிப்போகும் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஞாயிறு மதியமே நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற அளவுக்குப் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தயவுசெய்து புராஜெக்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. கோபத்தில் ராஜினாமா மெயில் அடிக்கும் முன்னால் ஆஃபர் லெட்டரை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் இருக்கும். சேரும்போது வாங்கிய போனஸைக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்னால் விலகினால் திருப்பித் தரணும் என்று ஒரு வரி இருக்கலாம். ஆறு மாத வீட்டுச் செலவும் கடன் தவணையும் கையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம். அஞ்சு வருஷம் முடியக் கொஞ்ச நாளே பாக்கி என்றால் தேதியைத் தள்ளுங்கள், பொதுவாக அஞ்சு வருஷம் முடித்தால்தான் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை கிடைக்கும். பி.எஃப். பணத்தை உடனே எடுக்க வேண்டாம், புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்தே எண்ணப்படும், மொத்தம் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் எடுத்தால் வரி வரும். பெங்களூரிலேயே அடுத்த வேலையைத் தேடணும் என்றும் கிடையாது. ஓசூரில் டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்துவிட்டது. அங்கேயும் கொள்முதல், திட்டமிடல், கணக்கு ஆராய்ச்சி வேலைகளுக்கு எண்களோடு பழகிய ஆள் வேண்டும். சம்பளம் குறையலாம், வாடகையும் குறையும், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ராஜினாமாவை மெயிலில், கடைசி நாள் இது என்று தேதியோடு அனுப்பி, ஏற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அப்பா அம்மாவுக்கு அதுதான் பாதுகாப்பு என்றால் நோட்டீஸ் பீரியடிலேயே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள், சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது அன்றிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். ஆபீஸ் லாகின் கடைசி நாள் சாயங்காலம் மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் உங்கள் சம்பளச் சீட்டுகள், வரி பிடித்ததற்குச் சான்றான ஃபார்ம் 16, ரேட்டிங் கடிதங்கள் எல்லாவற்றையும் ஹெச்.ஆர். போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும், பாக்கிப் பணக் கணக்கு முடிக்கும் செட்டில்மென்டும் எந்தத் தேதிக்குள் வரும் என்று ஹெச்.ஆரிடம் உங்கள் சொந்த மெயில் முகவரியைக் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, லேப்டாப்பை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.