எலும்பில் கீறலைப் பார்த்ததும் கத்தி என்று சொல்லிவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு முடிந்ததும் ஆட்டுத் தொடை எலும்பு ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கறிக்கடையில் கட்டையில் வைத்து வெட்டிய இடம் எப்படியும் தெரியும், அதைச் சொல்லவில்லை. மூட்டை ஒட்டி, சதையை அறுத்தெடுக்கும்போது கத்தி உரசிய இடத்தில் மயிரிழைபோல இரண்டு மூன்று கோடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். பல லட்சம் ஆண்டு பழைய எலும்பையும் ஆய்வாளர்கள் முதலில் இப்படித்தான் பார்க்கிறார்கள். சாய்ந்த வெளிச்சமும் ஒரு கைலென்ஸும் போதும்.

எழுத்தும் ஓவியமும் இல்லாத காலத்தில், ஒரு கை செய்த வேலை இப்படிக் கோடாகத் தங்கியிருக்கிறது. அதை அவசரத்தில் தப்பாகப் படிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தக் கை என்ன செய்தது என்பதைக் கீறல் சொல்லும். ஏன் செய்தது என்பதைக் கீறல் மட்டும் சொல்லிவிடாது.

அதற்கும் முன்னால், அது கைதானா என்றே பார்க்க வேண்டும். நிலத்தில் கிடக்கும் எலும்பை மாடும் மானும் மிதிக்கும், மணல் உராயும், கழுதைப்புலி கடிக்கும், வேர் அரிக்கும், கடைசியில் தோண்டுகிறவரின் கரண்டியும் படும். கல்லைத் தட்டி உடைத்தெடுத்த கூரான கல்சில்லால் அறுத்த கோடு குறுகலாக, குறுக்குவெட்டில் ஆங்கில 'வி' எழுத்துபோல் இருக்கும். சில்லின் விளிம்பு வழவழப்பாக இருக்காது என்பதால் பள்ளத்துக்குள்ளேயே மிக மெல்லிய இணைகோடுகள் ஓடும். பல் பதிந்த பள்ளம் அகலமாக, அடி வளைந்து இருக்கும். மிதிபட்ட கீறல்கள் ஆழமில்லாமல் ஆளுக்கொரு திசையில் போகும். வேர் அரித்த தடம் நெளிந்து கிளைவிடும். கரண்டி பட்ட இடம் மட்டும் புதிதாக வெளுத்துத் தெரியும்.

சரி, இவ்வளவு அடையாளம் இருந்தால் குழப்பம் ஏன் வருகிறது? ஒன்றின் சாயல் இன்னொன்றிலும் வந்துவிடுவதால்தான். எத்தியோப்பியாவின் திகிகாவில் கிடைத்த இரண்டே எலும்புகளைப் பாருங்கள். சுமார் 34 லட்சம் ஆண்டு பழையவை, ஒன்று பசு அளவு விலங்கின் விலா, மற்றொன்று ஆட்டளவு விலங்கின் தொடை. அவற்றில் இருப்பது கல்லால் அறுத்த தடம் என்று 2010இல் ஒரு குழு எழுதியது. விலங்குகள் மிதித்தால்கூட அப்படி வரும் என்று அதே ஆண்டு இன்னொரு குழு மறுத்தது. மிதித்ததாக இருக்க முடியாது என்று 2015இல் பதில் வந்தது. முதலைப் பல்லும் ஏறக்குறைய இதே தடத்தை விடும் என்று 2017இல் வேறொரு குழு காட்டியது. இத்தனைக்கும் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். சண்டிகர் அருகே மசோலில் 26 லட்சம் ஆண்டு பழைய எலும்புகளில் வெட்டுத்தடம் இருப்பதாக 2016இல் வந்த அறிவிப்பையும் இதே நிதானத்தோடு படியுங்கள். அந்த எலும்புகள் நிலத்தின் மேல் கிடந்து பொறுக்கப்பட்டவை.

அடுத்த தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. மனித எலும்பில் வெட்டுத்தடம் என்றால் உடனே 'நரமாமிசம்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். எத்தியோப்பியாவின் போடோவில் கிடைத்த, சுமார் 6 லட்சம் ஆண்டு பழைய மண்டையோட்டில் கண்குழிக்குள்கூடக் கீறல்கள் உண்டு. யாரோ முகத்துச் சதையை வழித்தெடுத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தின்பதற்கா, சடங்குக்கா? அந்த மண்டையோடு அதைச் சொல்லாது.

தின்றார்கள் என்று சொல்லக் கூடுதல் சாட்சி வேண்டும். அதே இடத்தில் கிடைத்த விலங்கு எலும்புகளை அறுத்ததுபோலவே மனித எலும்புகளையும் அறுத்திருக்கிறார்களா, நல்லி எலும்பை உடைப்பதுபோல மஜ்ஜைக்காக உடைத்திருக்கிறார்களா, மனிதப் பல் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தின் கஃப் குகையில் சுமார் 14,700 ஆண்டு பழைய மனித எலும்புகளில் இவை எல்லாமே இருக்கின்றன. அங்கேகூட விஷயம் பசியோடு நிற்கவில்லை. மண்டையோடுகளின் விளிம்பைத் தட்டிச் சீராக்கிக் கிண்ணமாக்கியிருக்கிறார்கள். ஒரு முன்கை எலும்பில் சதையை நீக்கியபின் உட்கார்ந்து கோணல் கோணலாகக் கோடு செதுக்கியிருக்கிறார்கள், அதன்பிறகுதான் மஜ்ஜைக்காக உடைத்திருக்கிறார்கள். இறந்தவர் அவர்களுக்கு யார், செதுக்கிய கை என்ன நினைத்தது என்று யோசித்தால் 'காட்டுமிராண்டிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு வாய் வராது.

வெட்டுத்தடம் என்றாலே கறிக்காகத்தான் என்று நினைப்பதும் சரியல்ல. ஜெர்மனியின் ஷோனிங்கனில் சுமார் 3 லட்சம் ஆண்டு பழைய கரடியின் பாத எலும்பிலும் விரல் எலும்பிலும் மெல்லிய கீறல்கள் உண்டு. அங்கே கறி எங்கே இருக்கிறது? தோலை முழுசாக உரிக்கப் பாதத்தில்தான் கத்தி வைக்க வேண்டும். குளிருக்குப் போர்த்த அந்தத் தோல் வேண்டியிருந்திருக்கலாம்.

எண்ணிக்கையை நம்பி ஏமாறுவதும் உண்டு. பத்துக் கீறல் என்றால் நிறையக் கறி, கீறலே இல்லையென்றால் அறுக்கவே இல்லை என்று கணக்குப் போடுவார்கள். பழகிய கை எலும்பில் படாமலே அறுக்கும். யானை போன்ற பெரிய விலங்கில் சதை அவ்வளவு தடிமன் என்பதால் கத்தி எலும்பைத் தொடாமலே போகலாம்.

அப்புறம், வேட்டையாடினார்கள் என்று சொல்வது. வெட்டுத்தடம் அறுத்ததற்குத்தான் சாட்சி, கொன்றதற்கு அல்ல. சிங்கம் விட்டுப்போன மிச்சத்தையும் அறுத்திருக்கலாம். ஒரே எலும்பில் பல் தடமும் வெட்டுத்தடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் எது முந்தியது என்று தெரியும். தான்சானியாவின் ஓல்டுவாய் எலும்புகளை 1981இல் இப்படிப் பார்த்தபோது, பல் தடத்தின் மேல் வெட்டும் இருந்தது, வெட்டின் மேல் பல் தடமும் இருந்தது. சில சமயம் விலங்கு முந்தியிருக்கிறது, சில சமயம் மனித மூதாதை.

நைரோபி அருங்காட்சியகத்தில் மனித மூதாதை ஒருவரின் கீழ்க்கால் எலும்பு இருக்கிறது. கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் கிடைத்தது, 14.5 லட்சம் ஆண்டு பழையது. விலங்குக் கடியைத் தேடிக் கைலென்ஸோடு உட்கார்ந்த ஆய்வாளர் பிரியானா போபினரின் கண்ணில் பட்டது வெட்டுபோன்ற கோடுகள். பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பொருளால் கீறல்களை அச்செடுத்து, என்ன என்று சொல்லாமலே அமெரிக்காவில் இருந்த சக ஆய்வாளருக்கு அனுப்பினார். அவர் அவற்றை முப்பரிமாணத்தில் அளந்து, எதனால் வந்தது என்று தெரியும்படி சோதனையில் செய்து பார்த்துத் தொகுத்த 898 தடங்களோடு ஒப்பிட்டார். 11இல் 9 வெட்டு, 2 பெரிய பூனை இனத்தின் கடி என்று 2023இல் வெளியிட்டார்கள். வெட்டுகள் எல்லாம் ஒரே திசையில், முழங்காலுக்குப் பின்புறத் தசை எலும்போடு ஒட்டும் இடத்தில் இருக்கின்றன. கறிக்காக அறுத்ததுபோலத்தான் தெரிகிறது. ஆனால் அறுத்தவரும் அறுபட்டவரும் ஒரே இனமா என்று தெரியாததால், தன் இனத்தையே தின்றது என்று போபினர் சொல்லவில்லை. கடியும் வெட்டும் எங்கேயும் ஒன்றையொன்று தொடவில்லை. அந்தக் காலை முதலில் எடுத்தது சிங்கம் போன்ற விலங்கா, கல்சில்லு பிடித்த கையா என்பதை அந்த எலும்பு வெளியே விடவில்லை.