பிள்ளைகள் இல்லாமல் இருவராக மீண்டும் டிஸ்னி வேர்ல்டு: திட்டமிடும் முறை

2011 டிசம்பர் கடைசி வாரத்தில், ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு இரண்டு பிள்ளைகளோடு போயிருந்தோம். அங்கே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். அனிமல் கிங்டத்தில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டர் ரைடின் வாசலில் உயரம் அளக்கும் கோல் ஒன்று உண்டு. எங்கள் சின்னவள் 44 அங்குலக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைந்து நின்றாள். அவள் அழ, நாங்கள் நால்வருமே திரும்பி வந்துவிட்டோம். பெரியவர்கள் இருவர் மாறி மாறி ஏறலாம் என்ற வசதி அங்கே இருப்பது கூட அன்று எங்களுக்குத் தெரியாது. அவளும் கல்லூரிக்குப் போன பிறகு, 2025 ஜனவரி இறுதியில் நானும் என் கணவரும் மட்டும் மறுபடி போனோம். பழைய பயணத் தாளை எடுத்து, பிள்ளைகளுக்கான வரிகளை மட்டும் அடித்துவிட்டால் திட்டம் தயாராகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். அடித்து முடித்தபோது தாளில் ஆறு வரிகள்தான் மிஞ்சின. ஆகவே முதலிலிருந்து தொடங்கினோம். அந்த வரிசையையே, இதுவரை இப்படித் திட்டமிட்டுப் பழகாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: தனித்தனியாக இரண்டு தாள்கள்

இணையத்தில் எதையும் தேடுவதற்கு முன், கணவனும் மனைவியும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், சென்ற முறை கடந்து போனவற்றையும் பாதியில் விட்டவற்றையும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து எழுதினால், "உனக்கு எது பிடிக்குமோ அதுவே" என்று இருவரும் விட்டுக்கொடுத்து, இருவருக்கும் வேண்டாத ஒரு திட்டத்தில் போய் முடியும். என் தாளில் எப்காட் பூங்காவின் பதினொரு நாட்டு அரங்குகளை நிதானமாகச் சுற்றிவருவதும், யாரும் அவசரப்படுத்தாத ஓர் இரவுச் சாப்பாடும் இருந்தன. அவர் தாளில் மேஜிக் கிங்டத்தின் அடியிலுள்ள சுரங்கப் பாதைகள் இருந்தன. இரண்டு தாளிலும் இருந்தது எவரெஸ்ட் ஒன்றுதான். இரண்டிலும் வருவது கட்டாயம். ஒன்றில் மட்டும் வருவது, நாளொன்றுக்கு ஒன்று என்ற அளவில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது. பிள்ளைகள் கேட்டதற்காகப் போய், இன்று இரண்டு தாளிலும் இல்லாத இடங்களைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

பிள்ளைகள் இல்லாத பயணத்தின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. பள்ளி நாள்காட்டி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மற்றவர்களைக் கட்டுப்படுத்துகிறது. எனவே அமெரிக்கப் பள்ளிகள் எப்போது மூடுகின்றன என்பதைப் பார்த்து, அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம், நவம்பரில் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் வாரம், மார்ச் பாதியிலிருந்து ஈஸ்டர் வரையிலான வசந்த விடுமுறைக் காலம், ஜூன், ஜூலை ஆகியவற்றை அடித்துவிடுங்கள். ஜனவரியின் மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள்; பிப்ரவரியின் மூன்றாவது திங்கள் அதிபர்கள் தினம். இரண்டுமே நீண்ட வார இறுதிகள் என்பதால் கூட்டம் சேரும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வாரங்களைத்தான் நாங்கள் எடுத்தோம். பகலில் சுமார் 22 டிகிரி செல்சியஸ், இரவில் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும் அளவுக்குக் குளிர், போதாததற்கு எப்காட்டில் கலை விழாவும் நடந்துகொண்டிருந்தது.

செப்டம்பரிலும் கூட்டம் குறைவு, ஹோட்டல் வாடகையும் இறங்கும். ஆனால் வெயில் 32 டிகிரிக்கு மேல் அடிக்கும். பிற்பகலில் இடியோடு மழை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதையும் நினைவில் வைத்து, ரத்து செய்யக்கூடிய விமானச் சீட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, மேஜிக் கிங்டத்தில் சில இரவுகள் ஹாலோவீனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தனிச்சீட்டு விழாக்கள் நடக்கும். அந்த நாள்களில் சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர்கள் மாலை 6 மணியோடு வெளியேற வேண்டும். வாணவேடிக்கை பார்க்க விரும்புபவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பதே நல்லது. வரிசை குறைந்தால் போதும் என்பவர்கள் அதே நாள்களைத் தேடிப் போகலாம். இரவு வரை இருக்க முடியாதென்று குடும்பங்கள் வேறு பூங்காவுக்குப் போய்விடுவதால், பகலில் அங்கே நடமாட இடம் இருக்கும்.

மூன்றாம் படி: மாறியவற்றைத் தெரிந்துகொள்ளுதல்

முதல்முறை போகிறவர் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். திரும்பிப் போகிறவர், தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையிலேயே ஏமாறுவார். 2011இல் ரைடு வாசலிலிருந்த இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், திரும்பி வரவேண்டிய நேரம் அச்சிட்ட சிறு தாள் இலவசமாக வந்து விழும்; அந்த நேரத்தில் வந்தால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். அந்த ஃபாஸ்ட்பாஸ் இன்று எந்த வடிவிலும் இல்லை. அதன் இடத்தில், 2024 ஜூலை முதல், லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்ற இரண்டு கட்டணச் சேவைகள் நடைமுறையில் உள்ளன. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டல்களுக்கு ஓடிய இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது டாக்சிக்கோ கட்டண வண்டிக்கோ தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். எப்காட்டின் நார்வே அரங்கில் நாங்கள் ஏறிய வைக்கிங் படகுச் சவாரி 2014இல் மூடப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து ஃப்ரோசன் சவாரியாகத் திறந்தது. மேஜிக் கிங்டத்தின் டாம் சாயர் தீவும் அதைச் சுற்றியிருந்த ஆறும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. நாங்கள் போனபோது அவை இருந்தன. அதற்கு மேல் இருக்கப்போவதில்லை என்று தெரிந்திருந்ததால், நீராவிப் படகில் ஏறி ஒரு சுற்று வந்தோம்.

புதிதாக வந்தவையும் குறைவில்லை. 2017இல் அனிமல் கிங்டத்தின் பாண்டோரா பகுதி, 2019இல் ஹாலிவுட் ஸ்டுடியோஸின் ஸ்டார் வார்ஸ் பகுதி, 2022இல் எப்காட்டின் காஸ்மிக் ரிவைண்ட் ரைடு, 2023இல் மேஜிக் கிங்டத்தின் ட்ரான் ரைடு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எவையெல்லாம் உங்கள் கடைசிப் பயணத்துக்குப் பிறகு வந்தவை என்று பார்த்து, அவற்றை மட்டும் இரண்டு தாள்களிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தங்குமிடம்

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மேஜிக் கிங்டம் அருகில் தங்குவது வசதி. இருவராகப் போகிறவர்கள் எப்காட்டை மையமாக வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. மாலை நேரம் அங்கேதான் பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். இரவு அறைக்குத் திரும்புவதும் எளிது. போர்டுவாக், யாட் கிளப், பீச் கிளப் ஆகிய ஹோட்டல்களிலிருந்து எப்காட்டின் பின்வாசலுக்கு நடந்தே போகலாம், ஆனால் வாடகை கையைக் கடிக்கும். 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டிகள், கரீபியன் பீச், பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய குறைந்த வாடகை ஹோட்டல்களை அதே பின்வாசலோடும் ஹாலிவுட் ஸ்டுடியோஸோடும் இணைக்கின்றன. நாங்கள் கரீபியன் பீச்சில் தங்கினோம். மின்னல் அடித்தால் ஸ்கைலைனர் நிற்கும் என்பது ஒன்றுதான் குறை.

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஒவ்வொரு நாளும் பூங்கா திறப்பதற்கு 30 நிமிடம் முன்பே உள்ளே போகலாம். பணம் மிச்சப்படுத்த வெளியே தங்கலாமா என்று யோசிப்பவர்கள், இந்த அரை மணியையும், ஆறாம் படியில் சொல்லப்போகும் முன்பதிவு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நுழைவுச்சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். நாள்கள் கூடினால் தலா ஒரு நாளுக்கான விலை இறங்கும். நான்கு நாள் சீட்டை ஏழு நாள்களுக்குள் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஓய்வுநாள் வைத்தாலும் சீட்டு வீணாகாது.

ஐந்தாம் படி: சாப்பாட்டுக்கு முன்பதிவு

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள்களுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பு, தங்கும் நாள்களுக்கெல்லாம் (10 நாள் வரை) ஒரே தடவையில் பதிவு செய்துவிடலாம். இருவர் மேசை என்பது தனிச் சலுகை போன்றது. ஆறு பேருக்குக் கிடைக்காத நேரம் இரண்டு பேருக்குக் கிடைக்கும். அன்று கிடைக்காவிட்டாலும், பயணத்துக்கு முந்தைய நாள்களில் மற்றவர்கள் ரத்து செய்யும் மேசைகள் டிஸ்னியின் கைப்பேசி ஆப்பில் வந்துகொண்டே இருக்கும்.

கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டலின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் 10 வயதுக்கு உட்பட்டவர்களை அனுமதிப்பதில்லை. 2024இல் அது ஒரு மிஷலின் நட்சத்திரம் பெற்றது. மணநாள் கொண்டாடுபவர்கள் அங்கே போகலாம். எங்கள் தேர்வு வேறு. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜ் பகுதியிலுள்ள சனா உணவகத்தில், இந்திய, ஆப்பிரிக்கச் சமையல் இரண்டும் கலந்திருக்கும். நான் ரொட்டி வகைகளும் பராட்டாவும் ஒரு தட்டில் வர, தொட்டுக்கொள்ள ஒன்பது சிறு கிண்ணங்கள் வரிசையாக வந்தன. மாங்காய், கொத்தமல்லி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி இலை பறித்துக்கொண்டிருந்தது. காரத்துக்கு ஏங்கும் நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அங்கே இல்லை. பகல் வெளிச்சத்தில் போனால்தான் விலங்குகள் தெரியும். பூங்காச் சீட்டும் தேவையில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: டிஸ்னி உணவுப் பட்டியலில் இருக்கும் இலைக் குறி, பாலும் நெய்யும் கூட இல்லாத உணவைக் குறிப்பது. நமது கணக்கில் சைவமான பல உணவுகளுக்கு அந்தக் குறி இருக்காது என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறாம் படி: வரிசையைக் குறைத்தல்

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு வருகைக்கு 7 நாள் முன்பும், மற்றவர்களுக்கு ஒவ்வொரு பூங்கா நாளுக்கும் 3 நாள் முன்பும், அங்குள்ள நேரப்படி காலை 7 மணிக்கு லைட்னிங் லேன் பதிவு திறக்கும். மல்டி பாஸில் மூன்று ரைடுகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். ட்ரான், காஸ்மிக் ரிவைண்ட், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போன்றவற்றுக்கு சிங்கிள் பாஸைத் தனித்தனியாக வாங்க வேண்டும். எல்லா நாளும் இரண்டையும் வாங்குவது வீண் செலவு. ஜனவரி இறுதி போன்ற நாள்களில், மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் மல்டி பாஸ் வாங்கி, மற்றப் பூங்காக்களில் அதிகாலை அரை மணியை நம்பியே எங்களால் சமாளிக்க முடிந்தது.

எவரெஸ்டில் தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு; காலியாகும் ஒற்றை இருக்கைகளில் ஏற்றிவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் தடவைக்கு அது மிக நல்லது. முதல் தடவை மட்டும் சேர்ந்து உட்காரும் வரிசையிலேயே நில்லுங்கள். நாங்கள் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து ஏறியது. இன்னும் 40 நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டார் வார்ஸ் பகுதியில் விண்கலம் ஓட்டும் ரைடான மிலேனியம் ஃபால்கனிலும் இந்த வரிசை உண்டு, ஆனால் அதில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பின்னிருக்கை எஞ்சினியர் வேலைதான் கிடைக்கும். விமானி ஆக ஆசைப்படுபவர்களுக்கு அது ஏமாற்றம்.

ஏழாம் படி: நாள்களை அடுக்குதல்

ஒரு நாளுக்கு ஒரு பூங்கா, நடுவில் ஒரு நாள் பூங்காவே இல்லை என்பது எங்கள் கணக்கு. என் கைப்பேசி காட்டியபடி தினமும் 12 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தோம். ஓய்வுநாள் இல்லாமல் ஐம்பதைத் தாண்டிய முழங்கால் ஒத்துழைக்காது. சனாவுக்குப் போனது அந்த ஓய்வுநாளில்தான்.

மேஜிக் கிங்டம் நாளில் காலையை அவர் தாளுக்குக் கொடுத்தோம். கீஸ் டு தி கிங்டம் என்ற வழிகாட்டிச் சுற்று சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி. சுரங்கம் என்று நாம் சொல்வது உண்மையில் தரைத்தளம்தான் என்பதை அங்கேதான் அறிந்தோம். ஃபுளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் என்பதால், 1971இல் திறந்த அந்தப் பூங்காவுக்காக முதலில் நிலத்தின் மேல் பாதைகளைக் கட்டி, எதிரிலிருக்கும் ஏரியைத் தோண்டிய மண்ணை அவற்றைச் சுற்றிக் கொட்டி, அதன்மேல் தெருக்களை அமைத்திருக்கிறார்கள். நாம் நடக்கும் தெரு இரண்டாம் தளம். உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. இதற்குப் பூங்காச் சீட்டும் தனியாக வேண்டும் என்பதை மறக்காமல் பதிவு செய்யுங்கள்.

எப்காட்டுக்கு ஒரு முழு நாளும், வேறொரு நாளின் மாலையும் ஒதுக்குங்கள். இரண்டாவதற்கு, ஒரே நாளில் பல பூங்காக்களுக்குப் போக உதவும் ஹாப்பர் சீட்டு வேண்டும். நாட்டு அரங்குகள் வழக்கமாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், அதற்கு முன் முன்பகுதி ரைடுகளை முடித்துக்கொள்ளலாம். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கூட்டம் இரண்டு பக்கமும் கலைந்து போகும். நாங்கள் வலப்பக்கத்துக் கனடாவில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெக்சிகோவை நோக்கி நடந்தோம். மொராக்கோ அரங்கின் பதிகல் (மொசைக்) வேலைப்பாட்டை, அந்நாட்டு மன்னர் அனுப்பிய கைவினைஞர்களே செய்திருக்கிறார்கள். சென்ற முறை தள்ளுவண்டியோடு அதைக் கடந்து போக எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இம்முறை அங்கேயே முக்கால் மணி நேரம் இருந்தேன். அவர் பக்கத்து ஜப்பான் கடையில் பேனா பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரவு வாணவேடிக்கைக்கு அரை மணி முன்பு ஏரிக்கரையில் இடம் பிடித்துக்கொண்டால் போதும்.